பந்து இல்லாதவரின் வேலை

ஜொகூரில் மாலை ஐந்து மணிக்கு எந்தப் பள்ளித் திடலுக்குச் சென்றாலும் ஏறக்குறைய ஒரே காட்சியைக் காணலாம். வலப்பக்கக் கோட்டோரமாக ஒரு மாணவன் பந்தோடு ஓடுகிறான். எதிரணி மாணவன் ஒருவன் அவனை மறிக்கிறான். அவன் நின்று திரும்புகிறான், மீண்டும் திரும்புகிறான். அதற்குள் இன்னோர் எதிராளியும் வந்து சேர்ந்துவிடுகிறான். இருவருக்கும் கோட்டுக்கும் நடுவில் அவன் மாட்டிக்கொள்கிறான். பந்து பறிபோகிறது. உடனே திடலின் நாலா பக்கங்களிலிருந்தும் குரல்கள் எழுகின்றன.

"பந்தைக் கொடுக்கத் தெரியாதாடா உனக்கு?"

"எல்லாவற்றையும் இவனே ஆடப் பார்க்கிறான்!"

அவன் தலையைக் குனிந்தபடி தன் இடத்திற்குத் திரும்பி ஓடுகிறான்.

குறை சொன்னவர்கள் அந்த ஐந்து விநாடிகளில் எங்கே இருந்தார்கள் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஒருவன் முப்பது மீட்டர் தள்ளிக் கையை உயர்த்தியபடி நின்றுகொண்டிருந்தான். இன்னொருவன் எதிராளியின் முதுகுக்குப் பின்னால் நின்றான். அவனுக்குப் பந்தை அனுப்ப வேண்டுமென்றால் அது எதிராளியின் காலைத் துளைத்துக்கொண்டுதான் போக வேண்டும். மூன்றாமவன் உண்மையிலேயே உதவ எண்ணினான். ஆனால், பந்து வைத்திருந்தவனுக்கு மிக அருகில் ஓடிவந்தான். தன்னைக் காவல் காத்துக்கொண்டிருந்த எதிராளியையும் கூடவே அழைத்து வந்துவிட்டான். அந்த இரண்டாவது எதிராளி எங்கிருந்து முளைத்தான் என்ற கேள்விக்கு விடை அதுதான். பந்தை இழந்தவன் ஒருவன். அவனை இழக்க வைத்தவர்கள் மூவர். பழி மட்டும் ஒருவன்மீது விழுந்தது.

ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். முழு ஆட்டம் 90 நிமிடம். பந்து கோட்டுக்கு வெளியே போவது, தவறுக்காக நடுவர் விசில் ஊதுவது, காயமடைந்தவரைக் கவனிப்பது ஆகியவற்றிற்கான நேரத்தைக் கழித்தால், பந்து உண்மையாக உருளும் நேரம் பெரும்பாலும் ஒரு மணி நேரத்தைத் தாண்டுவதில்லை. அந்த 60 நிமிடத்தை 22 பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் ஒருவருக்கு மூன்று நிமிடம்கூடக் கிடைக்காது. பந்து ஒருவரின் காலிலிருந்து இன்னொருவரின் காலுக்குப் போகும் நேரத்தையும் கழித்தால் பங்கு இன்னும் குறையும். அப்படியானால், சிறந்த ஆட்டக்காரர் ஒருவரும் எஞ்சிய நேரம் முழுவதும் பந்து இல்லாமல்தான் திடலில் இருக்கிறார். பள்ளி மாணவர்கள் வீட்டு முற்றத்தில் பந்தைக் காலால் தட்டித் தட்டிப் பழகுவது அந்த மூன்று நிமிடத்திற்கான பயிற்சி. மற்ற நேரத்திற்கான பயிற்சியைப் பலர் செய்வதே இல்லை.

பந்து வைத்திருக்கும் தோழருக்குப் பந்து இல்லாதவர் செய்யும் உதவியைப் பயிற்றுநர்கள் 'ஆதரவு' என்பர். மலாய்மொழியில் 'சொக்கோங்கான்' என்ற சொல் பயன்படுகிறது. கைதட்டி ஊக்கமூட்டுவது என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. பந்து வைத்திருப்பவர் எப்போது நிமிர்ந்து பார்த்தாலும், அவரால் பந்தை அனுப்பக்கூடிய ஓர் இடத்தில் நிற்பதே ஆதரவு. பந்து தமக்கு வந்தாலும் வராவிட்டாலும் அந்த இடத்தில் நிற்க வேண்டும்.

அந்த இடம் எது? முதலில் கோணத்தைக் கவனிக்க வேண்டும். பந்திலிருந்து தோழரின் கால்வரை மனத்தில் ஒரு நேர்க்கோடு வரைந்து பார்க்கலாம். அக்கோட்டில் எதிராளி ஒருவர் நின்றால், அங்கே நிற்கும் தோழர் திடலில் இருந்தும் இல்லாதவர்தான். அவர் எதிராளியின் நிழலில் மறைந்து கிடக்கிறார். இதைச் சரிசெய்ய நீண்ட தூரம் ஓட வேண்டிய தேவையும் இல்லை. பல நேரங்களில் இடப்பக்கமோ வலப்பக்கமோ மூன்று நான்கு அடிகள் நகர்ந்தால் போதும். அடைபட்டிருந்த வழி திறந்துகொள்ளும். திடலில் அதிகம் ஓடாத சிலர் எப்போதும் சரியான இடத்தில் இருப்பது போலத் தோன்றுவதற்குக் காரணம் இந்தச் சிறிய அடிகளே. இளம் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் நின்ற இடத்தில் நின்றுகொண்டு "இங்கே! இங்கே!" என்று கத்துகிறார்கள். நிழலில் நின்று எவ்வளவு கத்தினாலும் பந்து வராது.

அடுத்தது இடைவெளி. மிக அருகில் வந்தால் என்ன நேரும் என்பதை மேலே கண்டோம்: ஒருவரைச் சமாளிக்க வேண்டியவர் இருவரைச் சமாளிக்க நேரும். மிகத் தொலைவில் நின்றால், பந்து உருண்டு வருவதற்குள் எதிராளி குறுக்கே புகுந்துவிடுவார். பள்ளி மாணவர்களுக்குச் சுமார் எட்டு முதல் பன்னிரண்டு மீட்டர் இடைவெளி பெரும்பாலும் பொருந்தும். ஆனால், இதை மாறாத அளவாக எண்ணிவிடக்கூடாது. நவம்பர், டிசம்பர் மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது கோத்தா திங்கியிலோ மெர்சிங்கிலோ ஆடிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். நீர் தேங்கிய புல்லில் உதைத்த பந்து பாதி வழியிலேயே நின்றுவிடும். அன்றைய தினம் பன்னிரண்டு மீட்டர் என்பது மிகத் தொலைவு. ஐந்தாறு மீட்டருக்குள் நெருங்கியே ஆக வேண்டும். வெயிலில் காய்ந்து இறுகிய திடலில் பந்து வழுக்கிக்கொண்டு ஓடும். அப்போது சற்று விலகி நிற்கலாம். ஆட்டம் தொடங்குவதற்கு முன் திடலில் பந்தை உருட்டிப் பார்க்கும் வழக்கத்திற்கு இதுவும் ஒரு காரணம்.

நேரத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. சரியான இடத்திற்கு மிக முன்னதாகவே போய் நின்றுவிட்டால் எதிராளியும் வந்து ஒட்டிக்கொள்வார். தோழர் நிமிர்ந்து பார்க்கும் அந்தக் கணத்தில் போய்ச் சேர்வதுதான் சிறப்பு.

உடல் நிற்கும் விதமும் முக்கியம். பந்தை மட்டும் நோக்கி நேராக நிற்பவருக்குத் தம் முதுகுக்குப் பின்னால் நடப்பது தெரியாது. பந்து வந்த பிறகு அவர் திரும்பிப் பார்க்க வேண்டும். அதற்குள் நெருக்கடி வந்துவிடும். பாதி திரும்பிய நிலையில், ஒரு தோள் பந்தையும் மறு தோள் எதிரணியின் கோல் கம்பத்தையும் நோக்கியிருக்குமாறு நிற்பவர் இரண்டையும் ஒருசேரப் பார்ப்பார். பந்து வருவதற்கு முன்பே அடுத்து யாருக்கு அனுப்பலாம் என்று அவரால் முடிவு செய்ய முடியும்.

ஆதரவாக நிற்பவர் கண்ணையும் வாயையும் தோழருக்குக் கடனாகக் கொடுக்க வேண்டும். பந்து வைத்திருப்பவர் பெரும்பாலும் கீழே பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குப் பின்னால் யார் வருகிறார் என்று தெரியாது. "பின்னால் ஆள்!" என்ற ஒரு குரல் போதும், அவர் பந்தைக் காத்துக்கொள்வார். "நேரம் இருக்கிறது, திரும்பு!" என்றால் துணிந்து திரும்புவார். ஜொகூர்ப் பள்ளி அணிகளில் மலாய், சீன, தமிழ் மாணவர்கள் சேர்ந்தே ஆடுவதால், திடலில் மூன்று நான்கு மொழிகள் ஒலிப்பது இயல்பு. 'சினி' என்றால் இங்கே, 'பெலாக்காங்' என்றால் பின்னால் என்று எல்லாருக்கும் விளங்கும் சில மலாய்ச் சொற்களை அணியினர் முன்கூட்டியே வகுத்துக்கொள்வார்கள். சொல் குறுகியதாக இருக்க வேண்டும் என்பதுதான் விதி. திடலில் முழு வாக்கியத்திற்கு நேரமில்லை.

முன்னால் நிற்பதும் பக்கத்தில் நிற்பதும் மட்டும் ஆதரவு ஆகிவிடாது. பின்னால் நிற்பதும் ஆதரவுதான். அதுவே பல நேரங்களில் அணியைக் காப்பாற்றுகிறது. முதலில் சொன்ன மாணவனுக்குப் பின்பக்கமாக ஒரு தோழன் நின்றிருந்தால், அவன் பந்தைப் பின்னுக்குத் தட்டிவிட்டுத் தப்பியிருப்பான். பின்னோக்கிப் பந்தை அனுப்புவது கோழைத்தனம் என்ற எண்ணம் பார்வையாளர்களிடம், குறிப்பாகக் கோட்டுக்கு வெளியே நின்று கூச்சலிடும் பெற்றோரிடம், இன்னமும் இருக்கிறது. பந்து நம்மிடம் இருக்கும் வரையில் எதிரணியால் கோலடிக்க முடியாது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

பக்க ஆட்டக்காரர் பந்தோடு எதிராளியைச் சந்திக்கும்போது, அவருக்குப் பின்னாலிருக்கும் தற்காப்பு ஆட்டக்காரர் வெளிப்புறமாகச் சுற்றி முன்னே ஓடுவது இன்னொரு வகை. மறித்து நிற்கும் எதிராளிக்கு இப்போது சிக்கல் வந்துவிடுகிறது. ஓடுபவரைப் பின்தொடர்ந்தால் பந்து வைத்திருப்பவர் உள்ளே புகுந்துவிடுவார். பின்தொடராவிட்டால் பந்து ஓடுபவருக்குப் போய்விடும். மலேசிய இரசிகர்களுக்கு இவ்வாறு ஓடும் ஆட்டம் எஸ். குணாளன் மூலம் நன்கு அறிமுகமானது. பயிற்றுநர் கே. ராஜகோபால் தலைமையில் 2010ஆம் ஆண்டு தென்கிழக்காசியக் காற்பந்துக் கிண்ணத்தை மலேசியா முதன்முறையாக வென்றபோது அவர் அந்த அணியில் இருந்தார். பக்கத் தாக்குதல் ஆட்டக்காரராக இருந்த அவர், பின்னர் வலப்பக்கத் தற்காப்பிலும் ஆடினார்; ஜொகூர் டாருல் தக்சிம் குழுவிலும் பல ஆண்டுகள் இடம்பெற்றார். தற்காப்பிலிருந்து ஒருவர் இப்படி முன்னே ஓடும்போது பத்தில் ஏழெட்டு முறை பந்து அவருக்கு வராது. ஓடிய தூரத்தை மீண்டும் திரும்பி ஓடிக் கடக்க வேண்டும். இந்த வேலையை மனமுவந்து செய்பவர்கள் எந்த அணியிலும் குறைவுதான்.

இத்தகைய ஆதரவு காற்பந்தில் தொடக்கத்திலிருந்தே இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் அதன் வடிவம் வேறு. 1863ஆம் ஆண்டு இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் முதல் விதிகளை வகுத்தபோது, பந்துக்கு முன்னால் நிற்கும் தோழர் எவரும் ஆட்டத்தில் பங்கேற்க முடியாது என்று விதித்தது. பந்தை முன்னோக்கிக் கொடுக்கவே வழியில்லை. எனவே ஒருவர் பந்தை உருட்டிக்கொண்டு ஓடுவார்; மற்றவர்கள் கூட்டமாக அவர் பின்னால் ஓடுவார்கள். அவர் பந்தை இழந்தால் சிதறும் பந்தை அடுத்தவர் எடுத்துக்கொண்டு ஓடுவார். அன்று ஆதரவு என்பது அவ்வளவே. 1866இல் விதி தளர்ந்தது: எதிரணியினர் மூவராவது தமக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் இருந்தால், ஒருவர் பந்துக்கு முன்னால் நிற்கலாம். ஆஃப்சைட் விதியின் இந்த மாற்றம் ஆட்டத்தின் முகத்தையே மாற்றியது. 30 நவம்பர் 1872இல் கிளாஸ்கோ நகரில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் மோதிய முதல் அனைத்துலக ஆட்டத்தில், ஸ்காட்லாந்து அணியினர் அனைவரும் குவீன்ஸ் பார்க் என்ற ஒரே குழுவைச் சேர்ந்தவர்களாக இருந்தனர். ஒன்றாக ஆடிப் பழகிய அவர்கள் ஒருவருக்கொருவர் பந்தைக் கொடுத்து ஆடினர். தனித்தனியே உருட்டி ஓடுவதில் தேர்ந்த இங்கிலாந்து அணியால் அவர்களுக்கு எதிராக ஒரு கோல்கூட அடிக்க முடியவில்லை. ஆட்டம் கோலின்றிச் சமநிலையில் முடிந்தது. 1925இல் மூவர் என்பது இருவராகக் குறைந்தது. ஆட்டம் இன்னும் விரிந்தது.

ஒன்றாக ஆடிப் பழகுவதன் பயனை மலேசியாவும் கண்டிருக்கிறது. 6 ஏப்ரல் 1980இல் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில், மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெறும் ஆட்டத்தில் மலேசியா தென்கொரியாவை 2-1 என வென்றது. அன்று கோல் காவலர் ஆர். ஆறுமுகம். வெற்றிக் கோலை அடித்தவர் ஜேம்ஸ் வோங். பந்தைக் கொடுத்தவர் ஹசான் சானி. இருவரும் சபா மாநில அணியில் சேர்ந்து ஆடியவர்கள். ஒருவர் எந்தப் பக்கம் திரும்புவார், எப்போது பந்தைத் தட்டுவார் என்பது மற்றவருக்குப் பழக்கத்தால் தெரியும். புறக்கணிப்பின் காரணமாக மலேசியா மாஸ்கோவுக்குச் செல்லவில்லை என்பது வேறு கதை.

ஆதரவு என்றால் என்ன, எது ஆதரவு ஆகாது என்ற இரண்டையும் ஒரே இரவில் காட்டிய ஆட்டம் ஒன்று உண்டு. அது நடந்த இடம் ஜொகூர் பாருதான்.

லார்கின் பகுதியில் உள்ள டான் ஸ்ரீ டத்தோ ஹாஜி ஹசான் யூனுஸ் அரங்கத்தை இன்றைய மாணவர்கள் ஜொகூர் டாருல் தக்சிம் குழுவின் பழைய அரங்கமாக அறிவார்கள். 2020இல் அக்குழு இஸ்கண்டார் புத்ரியில் உள்ள சுல்தான் இப்ராஹிம் அரங்கத்திற்கு மாறியது. ஆனால் ஜப்பானில் 'ஜொகூர் பாரு' என்ற பெயரைச் சொன்னால், நடுவயதைக் கடந்த காற்பந்து இரசிகர்கள் பலருக்கு லார்கினில் நடந்த அந்த ஓர் இரவுதான் நினைவுக்கு வரும். 16 நவம்பர் 1997.

1998ஆம் ஆண்டு பிரான்சில் நடக்கவிருந்த உலகக் கிண்ணப் போட்டிக்கு ஆசியாவிலிருந்து சவூதி அரேபியாவும் தென்கொரியாவும் தகுதி பெற்றுவிட்டன. மூன்றாவது இடத்திற்கு ஜப்பானும் ஈரானும் மோத வேண்டும். இரு நாடுகளுக்கும் பொதுவான இடமாக ஜொகூர் பாரு தேர்ந்தெடுக்கப்பட்டது. வெல்பவர் நேராகப் பிரான்சுக்குப் போகலாம். தோற்பவர் ஆஸ்திரேலியாவோடு மீண்டும் மோத வேண்டும். ஜப்பான் அதுவரை ஒருமுறைகூட உலகக் கிண்ணத்தில் ஆடியதில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன், டோஹாவில், கடைசித் தகுதி ஆட்டம் முடியும் தறுவாயில் ஈராக் சமநிலைக் கோலை அடித்ததால் வாய்ப்பு கைநழுவிப் போயிருந்தது. அந்த வலி ஆறாமலே ஜப்பானிய இரசிகர்கள் ஆயிரக்கணக்கில் லார்கினுக்கு வந்திருந்தனர்.

ஜப்பான் அணியின் நடுத்திடலில் ஹிடெதோஷி நகாதா என்ற இருபது வயது இளைஞர் ஆடினார். 39ஆம் நிமிடத்தில் அவர் தற்காப்பைப் பிளந்து அனுப்பிய பந்தை நகயாமா கோலாக்கினார். இடைவேளை முடிந்தவுடனேயே ஈரானின் கோடாடாட் அஸிஸி சமன் செய்தார். 59ஆம் நிமிடத்தில் அலி டாயி தலையால் முட்டி ஈரானை முன்னிலைக்குக் கொண்டுவந்தார். ஜப்பானியப் பயிற்றுநர் தகேஷி ஒகாடா தம் இரு முன்னணித் தாக்குதல் ஆட்டக்காரர்களையும் ஒரே நேரத்தில் வெளியே அழைத்துக்கொண்டார். அவர்களுள் ஒருவர் நாடே கொண்டாடிய கசுயோஷி மியூரா. புதிதாக இறங்கிய ஷோஜி ஜோ, 76ஆம் நிமிடத்தில் நகாதா அனுப்பிய பந்தைத் தலையால் முட்டி ஆட்டத்தைச் சமன் செய்தார். 2-2. கூடுதல் நேரம் தொடங்கியது. அக்காலத்தில் 'தங்க கோல்' விதி இருந்தது: கூடுதல் நேரத்தில் முதல் கோல் விழுந்ததும் ஆட்டம் முடிந்துவிடும்.

கூடுதல் நேரத்தின் தொடக்கத்தில் மசாயுகி ஒகானோ களமிறக்கப்பட்டார். நீண்ட முடியும் மின்னல் வேகமும் கொண்டவர். களைத்துப்போயிருந்த ஈரானியத் தற்காப்பைத் தம் வேகத்தால் அவர் கலங்கடித்தார். ஆனால், வாய்ப்புகளை வரிசையாகத் தவறவிட்டார். அவற்றுள் ஒன்றை ஜப்பானியர்கள் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். ஈரானின் கோல் காவலர் அபேத்சாதேவை ஒகானோ தனியே எதிர்கொள்ளும் நிலை வந்தது. உதைத்திருக்க வேண்டும். அவரோ பந்தை நகாதாவுக்குத் தட்டிவிட்டார். ஈரானியத் தற்காப்பு அதைத் தடுத்துவிட்டது. இன்னொரு முறை உதைத்தார். பந்து கோல் கம்பத்திற்கு மேலே பறந்தது. ஒரு கோல் போதும், ஒரு நாட்டின் நெடுநாள் கனவு நிறைவேறிவிடும் என்ற நிலையில் இப்படி நடந்தால், ஆட்டக்காரரின் மனம் எந்நிலையில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அணி தோற்றிருந்தால் பழி முழுவதும் அவர் தலையில்தான் விழுந்திருக்கும்.

ஒகானோ பந்தைத் தோழருக்குக் கொடுத்தது தன்னலமற்ற செயல்தானே என்று கேட்கலாம். ஆட்டத்தில் அப்படிக் கணக்கிட முடியாது. அந்தக் கணத்தில் கோலடிக்க மிகச் சிறந்த இடத்தில் இருந்தவர் ஒகானோ. அவர் தம்மிடமிருந்த நல்ல வாய்ப்பை, நெருக்கடியில் இருந்த தோழருக்குக் கெட்ட வாய்ப்பாக மாற்றிக் கொடுத்துவிட்டார். பொறுப்பைத் தோளிலிருந்து இறக்கி இன்னொருவர் தோளில் வைப்பதும் சில வேளைகளில் உதவி போலவே தோற்றமளிக்கும். பள்ளித் திடலிலும் இதைக் காணலாம். எதிராளி நெருங்கியதும், கொடுத்தால் போதும் என்று பந்தைத் தோழனிடம் தள்ளிவிடுகிறவன், தன்னிடமிருந்த சிக்கலைத்தான் அவனிடம் தள்ளுகிறான்.

118ஆம் நிமிடம். இன்னும் இரண்டு நிமிடம் போனால் பினால்டி உதைகள். நகாதா நடுத்திடலில் பந்தைப் பெற்று ஈரானின் கோல் பகுதியை நோக்கி உருட்டிக்கொண்டு வந்தார். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஓடிக் களைத்த கால்கள் அவருடையவை. ஒகானோ அவரைத் தாண்டிக் கோலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். பந்தைத் தரும்படி நின்று கேட்கவில்லை. முந்தைய தவறுகளை நினைத்து ஒதுங்கியும் நிற்கவில்லை. நகாதா இடக்காலால் உதைத்தார். அபேத்சாதே பாய்ந்து பந்தைத் தட்டிவிட்டார். பந்து அவர் கையில் அடங்காமல் தெறித்தது. தெறித்த பந்தை நோக்கிச் சறுக்கியபடி வந்த ஒகானோவின் கால் அதைக் கோலுக்குள் தள்ளியது. 3-2. ஆட்டம் அத்துடன் முடிந்தது. பயிற்றுநரும் மாற்று ஆட்டக்காரர்களும் திடலுக்குள் ஓடிவந்தார்கள்.

அந்தக் கோலைப் படப்பதிவில் பார்ப்பவர்கள் பெரும்பாலும் கடைசி உதையைத்தான் பார்ப்பார்கள். அதற்கு முந்தைய மூன்று விநாடிகளைப் பார்ப்பது நல்லது. நகாதா உதைத்த பிறகு ஓடத் தொடங்கியிருந்தால் ஒகானோவால் அந்தப் பந்தை எட்டியிருக்க முடியாது. ஈரானியர் யாரேனும் அதை வெளியே உதைத்திருப்பார். நகாதா பந்தைத் தமக்குக் கொடுப்பாரா, தாமே உதைப்பாரா என்பது ஒகானோவுக்குத் தெரியாது. கொடுத்தாலும் பயன்படும், உதைத்தாலும் பயன்படும் இடத்தை நோக்கி அவர் ஓடினார். 1863ஆம் ஆண்டு விதிகளின்படி ஆடியவர்கள், சிதறும் பந்தை எடுப்பதற்காகத் தோழரின் பின்னால் ஓடினார்களே, ஏறக்குறைய அதே வேலைதான். இவர் அதை முன்னால் ஓடிச் செய்தார்.

மூன்று கோல்களிலும் நகாதாவுக்குப் பங்கு இருந்தது. முதலிரண்டில் அவர் கொடுத்தார். மூன்றாவதில் கொடுக்காமல் உதைத்தார். உலகமே அவர் திறமையை அன்று கண்டுகொண்டது. அடுத்த ஆண்டே இத்தாலிக்கு ஆடப் போனார். ஜப்பானியர்கள் அந்த இரவுக்கு 'ஜொகூர் பாருவின் பெருமகிழ்ச்சி' என்று பெயர் வைத்தார்கள். ஈரானும் வெறுங்கையோடு போகவில்லை. இரண்டு வாரத்திற்குப் பிறகு மெல்பர்னில் ஆஸ்திரேலியாவோடு 2-2 எனச் சமன் செய்து அதுவும் பிரான்சுக்குத் தகுதி பெற்றது.

ஜொகூரில் இளையோர்க்குப் பயிற்சி தரும் பயிற்றுநர்கள் பலர் ஆதரவைக் கற்பிக்க ஒரு பழைய உத்தியைக் கையாள்கிறார்கள். ஆட்டத்தின் நடுவே திடீரென்று விசில் ஊதுவார்கள். எல்லாரும் அப்படியே சிலைபோல் நிற்க வேண்டும். ஓர் அடிகூட நகரக்கூடாது. பிறகு பந்து வைத்திருப்பவனிடம் ஒரே கேள்வி: "இப்போது நீ யாருக்கெல்லாம் பந்தைக் கொடுக்க முடியும்? எண்ணிச் சொல்." அவன் சுற்றிப் பார்க்கிறான். முதல் நாளில் விடை பெரும்பாலும் "யாருக்கும் இல்லை, சார்" அல்லது "ஒருவன்தான்" என்றே இருக்கும்.

கோட்டோரம் மாட்டிக்கொண்டு திட்டு வாங்கிய மாணவனின் அணியிலும் இதே விசில் ஊதப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். முப்பது மீட்டர் தள்ளி நின்றவன் தன் தொலைவைத் தானே காண்கிறான். எதிராளியின் முதுகுக்குப் பின்னால் நின்றவன், பந்து தன் கண்ணுக்கே தெரியவில்லை என்பதை அப்போதுதான் உணர்கிறான். பக்கத்தில் ஓடிவந்தவன் திரும்பிப் பார்க்கிறான். தான் கூட்டிவந்த எதிராளி தோளோடு தோள் உரசி நிற்கிறான். பயிற்றுநர் எதுவும் திட்டுவதில்லை. "ஒவ்வொருவரும் நான்கு அடி மட்டும் நகரலாம். நீங்களே இடம் பாருங்கள்" என்கிறார். ஒருவன் பின்பக்கமாக இறங்குகிறான். இன்னொருவன் நிழலிலிருந்து விலகி உள்ளே வருகிறான். பக்கத்தில் வந்தவன் விலகிப் போக, அவனைக் காத்தவனும் வேறு வழியின்றி அவனோடு விலகுகிறான்.

"இப்போது எத்தனை பேர்?"

"இரண்டு பேர், சார்."

விசில் மறுபடியும் ஒலிக்கிறது. ஆட்டம் தொடர்கிறது.